பலகைக்கு அந்தப் பக்கம் கேட்ட சீனம்

என் பெட்டியில் ஒரு வெள்ளைக் கோட்டு இருக்கிறது. டாக்டர்கள் போடுகிற கோட்டு. நான் டாக்டர் இல்லை. அரியலூர் பஜாரில் காலமெல்லாம் மெஷின் மிதித்த தையல்காரன். போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது மருமகள் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் துடைக்கக் கிழிக்கப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பழைய துணிக்கு இவ்வளவா என்று அவள் முகம் சுண்டிப்போயிற்று. "பட்டனே இல்லாத கோட்டுங்க மாமா, இதை யாரு போடப் போறா?" என்றாள். பட்டன் இல்லாமலா? முன்பட்டியைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து கீழ் வரை டிச் பட்டன். கைக்குழந்தைச் சட்டைக்கு வைப்போமே, அமுக்கினால் டிச்சென்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விட்டுவிடும், அது. டாக்டர் கோட்டுக்கு அதை வைத்துத் தைத்தவன் இந்தத் திருச்சிச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளில் பஜாரில் நான் கடை வைத்திருந்த இடம் முதலில் ஒரே அறையாக இருந்தது. கட்டடக்காரர் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி இரண்டு பேருக்கு விட்டிருந்தார். பலகையும் கூரை வரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் வெளிதான். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் சீன டாக்டர். அப்படித்தான் ஊர் அவரைச் சொன்னது. வாசலில் அவருடைய போர்டு தொங்கும். இளஞ்சிவப்பு ஈறும் முழுப் பல் வரிசையுமாக ஒரு பெரிய வாய் வரைந்திருக்கும். செந்துறை பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளைகள் அந்தச் சிரிப்பைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிடும். அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது யார்? நான்தான். கலர் கலரான வெட்டுத்துணி கையில் கொடுப்பேன்.

டாக்டர் குள்ளம், கொஞ்சம் தொந்தி, எப்போதும் படிய வாரிய தலை. கல்கத்தாவில் பிறந்தவர். அவர் அப்பாவும் பல் வைத்தியர். மகனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அவன் சீனத்தை மறந்துவிடுவானோ என்று அந்த அப்பாவுக்குப் பயம். அதனால் மகன் பள்ளியில் ஒரு இங்கிலீஷ் பழமொழி கற்றுக்கொண்டு வந்தால், அதே சங்கதியைச் சொல்கிற சீனப் பழமொழி ஒன்றைச் சொல்லிக் காட்டினால்தான் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வரும். இப்படிச் சிறுவயதில் சேர்த்த ஜோடிகள் அவரிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன. இங்கிலீஷ்காரன் ஒரு பறவையை வைத்துச் சொன்னதைச் சீனாக்காரன் ஒரு குதிரையை வைத்துச் சொல்லியிருப்பான். அங்கே மழை என்றால் இங்கே கிணறு. ஆனால் இரண்டு பேரும் சொல்ல வந்தது ஒன்றுதான். அதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். பல் பிடுங்குவதை விட்டுவிட்டு இதையே நாள் பூராவும் சொல்லச் சொன்னாலும் சொல்வார்.

டாக்டரம்மா திருச்சியில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். அவருடைய அப்பாவும் அதே தொழில். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. முதுகைக் காட்டி நின்று பேசினால் காவிரிக்கரைப் பொம்பளை என்றுதான் எவரும் சொல்வார்கள். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மெழுகும் சுண்ணாம்புமாகப் பல்செட் செய்வது அவர் வேலை. முன்பக்கம் அதிகம் வரமாட்டார். வந்தால் ரப்பர் செருப்புச் சத்தம் சளக் சளக்கென்று கேட்கும். டாக்டர் போடுவது பூட்ஸ். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே யார் எங்கே நிற்கிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்த ஜோடிப் பழமொழிகளை டாக்டர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் விசேஷம். நம் ஆட்கள் பல்லுக்குப் பயப்படுகிற மாதிரி பாம்புக்குக்கூடப் பயப்பட மாட்டார்கள். ஈறில் ஊசி போட்டு மரத்துப்போன பிறகும் குறடைக் கண்டதும் எழுந்து ஓடிவிடுவார்கள். ஓடிய ஒருவரை நானே என் கடை வாசலில் மறித்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கு டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊசி வேலை செய்ததும் முதலில் இங்கிலீஷ் பழமொழியைச் சொல்வார். பிறகு பாட்டு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு சீனம். பிறகு தமிழில் அதன் கருத்து. கடைசியில், "இதையே உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்க? கண்ணை மூடிக்கிட்டு நல்லா யோசிங்க. அவசரம் இல்லை" என்பார்.

அவ்வளவுதான். நம் ஆளிடம் வலிக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பான். உங்கள் ஊரில் இதற்கு ஒன்று உண்டா என்று கேட்டால் மானப் பிரச்சினை ஆகிவிடும். சீனாக்காரனிடம் இருக்கிறது, வெள்ளைக்காரனிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லாமல் போய்விடுமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, தாத்தன் சொன்னது முப்பாட்டன் சொன்னது எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டிருப்பான். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு அமைதிதான் கேட்கும். அப்புறம் பீங்கான் தட்டில் டங்கென்று ஒரு சத்தம். "இப்ப சொல்லுங்க" என்பார் டாக்டர். வாய் நிறையப் பஞ்சு, எங்கே சொல்வது?

அதனால் பதில் எல்லாம் பிறகுதான் வரும். புண் ஆறியதா என்று காட்ட வருகிற நாளில் கொண்டுவருவார்கள். சில பேருக்கு அன்றும் கிடைத்திருக்காது. டீக்கடையில் நாலு பேரைக் கேட்பார்கள். அங்கே சண்டை வரும். "அதுக்கு இது எப்படிப்பா சரியாவும்? இது வேற, அது வேற" என்று ஒரு கிளாஸ் டீ ஆறிப்போகிற வரை வாதம் நடக்கும். விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் மண்ணுக் காலோடு வந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்குப் பல் பிடுங்கி மாதக்கணக்கு ஆகியிருந்தது. "களை வெட்டிக்கிட்டு இருந்தேங்க. பட்டுனு ஞாபகம் வந்துருச்சு. மறந்துடுமோன்னு பஸ் ஏறிட்டேன்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். டாக்டர் துள்ளிக் குதித்தார். இங்கிலீஷையும் சீனத்தையும் பெரியவர் கொண்டுவந்த தமிழையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பலகையைத் தட்டி, "மாஸ்டர், கேட்டீங்களா? மூணும் சேர்ந்துருச்சு!" என்று கூப்பிட்டார். தையல்காரனை மாஸ்டர் என்பது ஊர் வழக்கம். கேட்காமல் என்ன, எனக்குத்தான் வேறு வழியே இல்லையே.

அந்தப் பழமொழிகளில் ஒன்றையும் இங்கே எழுதப் போவதில்லை. டீக்கடைச் சண்டைகளில் பாதி இன்னும் முடியவில்லை, எழுதினால் ஆள் வீடு தேடி வந்துவிடுவார்கள். இந்த வயதில் எனக்கு அது தாங்காது.

எழுபதுகள் முடிகிற சமயம். டாக்டர் ஒருநாள் கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "மாஸ்டர், இதுக்கு டிச் பட்டன் வைக்க முடியுமா?"

"கோட்டுக்கா? ஊர் சிரிக்கும் டாக்டர்."

"புது ஃபேஷன் மாஸ்டர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எரிந்து விழுந்தேன். நான் தைத்த கோட்டு அது. பட்டன் நுழைகிற ஒவ்வொரு காஜாவும் கையால் எடுத்தது. வாங்கி விரித்துப் பார்த்தபோது என் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. எல்லாக் காஜாவும் ஓரம் பிசிறு பிசிறாக நைந்திருந்தது. பட்டன் போகிற வழி தெரியாமல் துணியைப் பிராண்டிப் பிராண்டி அப்படி ஆகியிருந்தது. துணி பொய் சொல்லாது. நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "ஃபேஷன்னா சரிங்க டாக்டர். பிரமாதமா வெச்சித் தரேன்" என்றேன். பல் பிடுங்குகிறவனுக்குக் கை போனால் பிறகு என்ன இருக்கிறது?

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், டாக்டர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், டாக்டரம்மா வந்தார். "மாஸ்டர், இன்னொரு கோட்டு வேணும். அச்சு அசல் அவங்க கோட்டு மாதிரியே. அளவு மட்டும் எனக்கு எடுங்க."

"லேடீஸ் கோட்டாவே தைச்சிடறேங்க. பட்டன் இடது பக்கம் வரும்."

"வேணாம். எல்லாம் ஆம்பளைக் கோட்டு மாதிரி இருக்கணும். கை முழு நீளம். எவனாவது கண்ணை அரைகுறையாத் தொறந்தாக்கூட வெள்ளைக் கைதான் தெரியணும்" என்றார்.

அளவு நாடா என் கையில் அப்படியே நின்றது. அவர் ஒளிக்கவில்லை, நேராகவே சொல்லிவிட்டார். "இவங்க கை நிக்க மாட்டேங்குது மாஸ்டர். எனக்கு எங்கப்பா கூட நின்னு பழக்கம் உண்டு. இவங்க வழக்கம்போலச் சொல்லட்டும், நான் எடுத்துடறேன். கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருக்காங்க? டாக்டருக்குக் கை ஆடுதுன்னு தெரிஞ்சா ஒருத்தன் வருவானா? பொம்பளை பல்லு புடுங்குறான்னு தெரிஞ்சா அதுக்கும் வர மாட்டான். அப்புறம் கல்கத்தாதான். கொழுந்தனாரு அங்க செருப்புக் கடை வெச்சிருக்காரு. வந்துடுங்க வந்துடுங்கன்னு உயிரை வாங்குறாரு."

"போனா என்னங்க, சொந்தக்காரங்கதானே?" என்று நான் உளறினேன்.

அவர் பலகையில் சாய்ந்துகொண்டார். சீனச் சண்டை வந்த வருஷத்திலிருந்து அவர்கள் பட்டது எனக்கு அன்றுதான் தெரியும். இந்த மண்ணில் பிறந்தவர்களை ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னது, ராத்திரி வெளியூரில் தங்குவதென்றாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது, ஊர் ஊராகக் கடை மாறியது. "எந்த ஊருக்குப் போனாலும் எப்ப உங்க ஊருக்குப் போறீங்கன்னு கேப்பாங்க மாஸ்டர். இங்கயும் கேக்குறாங்க. ஆனா இங்க கேக்குறவங்க திருச்சிக்கு எப்ப போறீங்கன்னு கேக்குறாங்க. தீபாவளிக்குப் பொறந்த வூட்டுக்குப் போவலியான்னு. இதை வுட்டுட்டு நான் எங்க போவேன்?"

கோட்டை மறுநாளே தைத்துக் கொடுத்தேன். கூலி என்று அவர் ஆரம்பித்தபோது ஒரு முறை முறைத்தேன், அதோடு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தமே மாறிப்போயிற்று. இங்கிலீஷ், சீனம், தமிழில் கருத்து, "கண்ணை மூடிக்கிட்டு யோசிங்க". பிறகு பின்கட்டிலிருந்து சளக் சளக். அந்தச் சத்தம்தான் ஆபத்து. அதனால் செருப்பு கிளம்பியதும் நான் மெஷினை மிதிக்க ஆரம்பிப்பேன். தைக்கத் துணி இருக்கிறதோ இல்லையோ, வெறும் மெஷின் கடகடவென்று ஓடும். டங்கென்று தட்டில் பல் விழுந்ததும் நிறுத்துவேன். என்னிடம் சட்டை தைக்க வந்தவர்கள் "ஏன் மாஸ்டர், ஊசியில நூலே இல்லியே?" என்று கேட்டால், "எண்ணெய் போட்டிருக்கேன், ஓடிப் பழகணும்" என்று கடுப்பாகச் சொல்வேன். எத்தனை எண்ணெய் குடித்ததோ அந்த மெஷின்! டாக்டரம்மா கை பதமான கை. ஊரில் டாக்டருக்குப் பேர் முன்னைவிடக் கூடியது. "முந்தியாச்சும் கொஞ்சம் வலிச்சிது, இப்ப பூ மாதிரி வருது" என்று டீக்கடையில் சொல்வார்கள். நான் டீயை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். ஆனால் டாக்டருக்கு அந்தப் புகழ் இனிக்கவில்லை. யாராவது அவர் கையைப் புகழ்ந்தால் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொள்வார்.

இதெல்லாம் ரைஸ்மில்காரர் வருகிற வரைதான். பஜாரில் பெரிய ஆள், பெரிய குரல், பெரிய மீசை. எதற்கும் வாயில் பதில் தயாராக வைத்திருப்பவர். கடைவாய்ப் பல் அவரைப் படுத்தியெடுத்தது. டாக்டரிடம் போக வேண்டியதுதான் என்று ஆனதும் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சவால் விட்டார். "உங்களுக்கெல்லாம் ரோசமே இல்லப்பா. வாயில பஞ்சை வெச்சிக்கிட்டு வந்து முழிக்கிறீங்க. அவரு பல்லை எடுக்குறதுக்குள்ள நான் பதிலைச் சொல்லுறேன் பாரு." டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "வந்தவரைப் போங்கன்னு சொல்ல முடியுமா மாஸ்டர்?" என்றார்.

மறுநாள் காலையில் மில்காரர் நாற்காலியில் உட்கார்ந்த சத்தத்திலேயே பலகை அதிர்ந்தது. டாக்டர் இருப்பதிலேயே கஷ்டமான பழமொழியாக ஒன்றை எடுத்தார், குரலில் தெரிந்தது. இங்கிலீஷ். சீனம். கருத்து. "கண்ணை மூடிக்கிட்டு யோசிங்க." சளக் சளக். நான் மிதித்தேன். காலில் உள்ள பலம் எல்லாம் சேர்த்து மிதித்தேன். திடீரென்று அந்தச் சத்தத்தையும் மீறி, "ஆங்! வந்துருச்சு!" என்று வாய்க்குள் குறடோடு ஒரு கூச்சல். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தில் கண்ணைத் திறந்துவிட்டார். அடுத்த நிமிஷம் டங். நான் மெஷினை நிறுத்தினேன்.

மில்காரர் வெளியே வந்தார். கன்னம் நிறையப் பஞ்சு. கடையைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், கோட்டின் வெள்ளைக் கையைக் காட்டுகிற மாதிரி தன் முழங்கையைத் தடவிக் காட்டினார், "ம்ம் ம்ம்" என்றார். தெருவில் நின்றவர்கள், "பதிலைச் சொல்லுங்க மொதலாளி!" என்று சிரித்தார்கள். அவர் பொறுமை இழந்து புல்லட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரம்மா குரல் மெல்லக் கேட்டது. "மாஸ்டர்... பாத்துட்டாரு." எட்டிப் பார்த்தேன். நோயாளி நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நடுங்குகிற கையை மடியில் வைத்து, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், சாமான் கட்ட நல்ல கோணிப்பை எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் கடைக்கு ஒருவரும் வரவில்லை. வேறு எதற்காகவோ இருக்கலாம், ஆனால் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே புல்லட் சத்தம் கேட்டது. மில்காரர் தனியாக வரவில்லை. பின்னால் அவர் சம்சாரம், முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு. அவர் வாசலிலேயே நின்று முதலில் அந்தப் பழமொழிக்கான தமிழை முழக்கினார். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்திருக்கிறார் பாவம், பஜார் முழுக்கக் கேட்டது. பிறகு உள்ளே போய்க் கத்தினார். "ஏங்க டாக்டரே, உங்களுக்கே இது நல்லாருக்கா? டாக்டரம்மா எடுப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? இவ ஆறு மாசமா கிராம்பை வெச்சிக்கிட்டு அழுவுறா. ஆம்பளை கையை வாயில வுட மாட்டேன்னுட்டா. பல்லுக்கே தெரியாத மாதிரி புடுங்குற பொம்பளை பக்கத்துலயே இருக்க, நான் இவளைத் திருச்சிக்குக் கூட்டிப் போகணுமா?"

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தார்கள் பாருங்கள் பெண்கள்! இத்தனை பேர் இத்தனை வருஷம் வலியை முந்தானைக்குள் மூடி வைத்திருந்தார்களா என்று எனக்கு மனசு ஆறவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஐந்தாறு பேராகச் சேர்ந்து வருவார்கள். வீட்டு ஆம்பளைகள் சவுதியில் இருப்பார்கள். அதில் ஒரு அம்மாள், "இவ்வளவு நாளா எங்க இருந்தீய டாக்டரம்மா? அல்லா உங்க கைக்கு பரக்கத் தரட்டும்" என்று டாக்டரம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்.

டாக்டர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அது சரிதானே, அவருக்கு மட்டும் மானம் இல்லையா? மூன்றாம் நாள் பலகையைத் தட்டினார். "மாஸ்டர், கணக்குத் தீர்ந்துது. கை அவங்க, வாய் நான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்றிலிருந்து கையைப் பையில் ஒளிக்கவில்லை. நாற்காலியின் தலைமாட்டில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, டிச் பட்டன் கோட்டோடு உட்கார்ந்து, இங்கிலீஷும் சீனமும் சொல்வதே வேலையாக இருந்தார். பெண்கள் கொண்டுவந்த தமிழ் தனி ரகம். சிலதைக் கேட்டு டாக்டரே வெட்கப்பட்டிருக்கிறார். அந்த வருஷங்கள்தான் அவருடைய நல்ல வருஷங்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அவைதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் டாக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார். பஜாரில் கடைகளை அடைத்தார்கள். யாரும் சொல்லி அடைக்கவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். மில்காரர்தான் வண்டி கொடுத்தார். கல்கத்தாவிலிருந்து கொழுந்தனார் வந்தார், தங்கமான மனுஷன், அண்ணியைத் தனியாக விட மனமில்லாமல் கையோடு அழைத்துப் போவதாகச் சொன்னார். டாக்டரம்மா மறுக்கவில்லை. "ஒரு பல்லு தனியா எடுத்துப் பாக்குறேன். முடிஞ்சா இருக்கேன். முடியலன்னா உங்ககூட வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அன்று மெஷின் மிதிக்கக் கால் வரவில்லை.

கடை திறந்த அன்று வந்தவரும் மில்காரர்தான். ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லோடு வந்தார். இன்னும் சில மாதம் அது ஓடியிருக்கும்; வேண்டுமென்றே வந்தார் என்பது எனக்குத் தெரியும். ஊசி போட்டாயிற்று. அவர் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார். "சொல்லுங்க டாக்டரம்மா" என்றார். முக்காலி காலியாகக் கிடந்தது. பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். குறடைப் பிடித்த கை அசையாமல் நின்றது. டாக்டரம்மாவுக்கு அத்தனை ஜோடியும் தெரியும். ஆனால் வாய் திறந்தது, குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தது, வரவில்லை. மில்காரர் மூடிய கண்ணோடு காத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மீசை நடுங்கியது. வாசலில் கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் தினமும் கேட்டவன் நான். எழுந்து பலகையில் வாயை வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து, பள்ளிக்கூடம் தாண்டாத என் இங்கிலீஷில் ஒரு பழமொழியைச் சொன்னேன். பிறகு சீனத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. டாக்டர் எங்கே தூக்குவாரோ அங்கே தூக்கி, எங்கே இழுப்பாரோ அங்கே இழுத்தேன். பிறகு கருத்து. கடைசியில், "இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்க? கண்ணை மூடிக்கிட்டு நல்லா யோசிங்க. அவசரம் இல்லை" என்றேன்.

அமைதி. அப்புறம், டங்.

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு குரல். "மாஸ்டர், இங்கிலீசு சரி. ஆனா நீங்க சொன்ன சீனம் அதோட ஜோடி இல்ல. அது வேற ஒண்ணோட ஜோடி."

"எனக்கென்னங்க தெரியும்? ரெண்டும் அவர் சொன்னதுதானே!" என்று நான் கோபித்துக்கொண்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் போன பிறகு அன்றுதான் முதல் தடவை. "நாளைக்கு மாத்திச் சொல்லுங்க. நான் சொல்லித் தரேன்" என்றார். வாசலில் நின்ற கொழுந்தனாருக்கு அது புரிந்ததோ என்னவோ, எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது பலகைக்கு மேலே இருந்து வெள்ளையாக ஏதோ வந்து என் தலையில் விழுந்தது. டாக்டருடைய கோட்டு. "சொல்றவருதான் இதைப் போட்டுக்கணும்" என்றது குரல்.

டாக்டரம்மா கடைசி வரை அரியலூரில்தான் இருந்தார். சாயங்காலங்களில் பலகையைத் தட்டி எந்தச் சீனம் எந்த இங்கிலீஷோடு போகும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் தப்பாகச் சொல்வேன், சண்டை போடுவேன், மறுபடி சொல்வேன். கோட்டை மட்டும் நான் போட்டதே இல்லை. தையல்காரனுக்கு எதற்கு டாக்டர் கோட்டு என்று கூச்சம்.

போன பொங்கலன்று மருமகளிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் கோட்டை உதறி, மடித்து, மறுபடி பிரித்தாள். "ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன் மாமா" என்றாள். போட்டுக்கொண்டேன். கடையை நான் ஏன் மூடினேன் என்று இதுவரை சொல்லவில்லை. என் கையும் இப்போது நிற்பதில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாது. சட்டைக்குப் பட்டன் போடுவதே மருமகள்தான். அவள் பழக்கத்தில் பட்டன் போட்டுவிடக் கை நீட்டினாள். வேண்டாம் என்று தடுத்தேன். நடுங்குகிற விரலை மேல் பட்டன் மேல் வைத்து அமுக்கினேன்.

டிச்.

அடுத்தது. அதற்கடுத்தது. கீழ் வரை நானே போட்டேன்.